பச்சைப் பாக்கெட்டின் முதுகு

11

"ஏன் சார், எல்லாப் பாக்கெட்டும் அந்தப் பக்கம் திரும்பி நிக்குது? வீட்டுப்பாடம் எழுதலையா?"

ஆ-ஹாவ் இப்படிக் கேட்டதும் ச்சியென் போ-ஷெங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அவருடைய அறையில் யாரும் சிரித்திருக்கவில்லை.

அலமாரியில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மீதும் சாத்தி வைத்தாற்போல ஒரு பச்சைச் சோளப்பொரிப் பாக்கெட். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தப் பொரியின் பெயர் குவாய் குவாய், 'ஒழுங்கா இரு' என்று அர்த்தம்; மெஷின் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமானால் அதற்கு ஒன்று வைத்தாக வேண்டும். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் படுத்துக்கொள்ளும். தேதி முடிவதற்குள் புதுசு மாற்றிவிட வேண்டும். தைவானில் இதை நம்பாத இன்ஜினியர்கூட வைக்காமல் இருக்க மாட்டான். ஆனால் மற்ற இடங்களில் பாக்கெட்டின் முகம் மனிதர்களைப் பார்த்திருக்கும். இங்கே எல்லாமே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

"அது என் மச்சானும் நானும் பண்ணின கிறுக்குத்தனம்" என்றார் போ-ஷெங். "காலேஜ் லேப்ல ஆரம்பிச்சது. 'ஒழுங்கா இரு'ன்னு சொல்றது மெஷினுக்குத்தானே, நமக்கா? அதான் முகத்தை மெஷின் பக்கம் திருப்பி வைப்போம். பாக்கிறவங்கல்லாம் கேலி பண்ணுவாங்க."

"நானும் பண்ணிட்டேன் சார். வரிசையில சேத்துக்கங்க."

ஆ-ஹாவை உதவியாளாக வைத்திருந்த துப்பறியும் பெங் யுவே-மெய் சிரிக்கவில்லை. அவள் போ-ஷெங்கின் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய துணிப் பதாகையைப் படித்துக்கொண்டிருந்தாள். திறந்த மூல மென்பொருள்காரர்கள் வருடா வருடம் நடத்தும் மாநாட்டின் பதாகை அது. போ-ஷெங்தான் அந்த மாநாட்டுக்குத் தலைவர். பதாகையில் நான்கே வரிகள். எடுத்துக்கொள். மாற்று. மாற்றியதைத் திருப்பிக் கொடு. எழுதியவன் பெயரை அழிக்காதே.

நல்ல வாசகம்தான். அதன்படி வாழ்ந்தவனோ இப்போது காவலில் உட்கார்ந்திருந்தான்.

வென் சிங்-தாங். போ-ஷெங்கின் தங்கை ரூ-யின்னின் கணவர். காலேஜை முடித்த கையோடு 'கொக்கு' என்று ஒரு புரோகிராம் எழுதினார். லினக்ஸில் ஓடும், ஒரு கட்டடத்தின் விளக்குகளையெல்லாம் நேரம் பார்த்து ஏற்றி அணைக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முழுசாகத் திறந்து போட்டுவிட்டார். கோயில், பள்ளிக்கூடம், மீன் கிடங்கு என்று ஊரெல்லாம் எடுத்துக்கொண்டது. யுங்ஜி என்ற கம்பெனியும் எடுத்துக்கொண்டது. அவர்கள் மட்டும் அதைப் பெட்டியில் போட்டு மூடி, வென் பெயரைச் சுரண்டிவிட்டு, சொந்தச் சரக்காக விற்றார்கள்.

வென் போய்க் கேட்டார். கேட்டதுதான் தப்பாகிவிட்டது. நடுவில் கொஞ்ச காலம் அவர் யுங்ஜியில் வேலை பார்த்தவர். அதைப் பிடித்துக்கொண்டு, "எங்க தொழில் ரகசியத்தைத் திருடி வெளியே விட்டவனே இவன்தான்" என்று புகார் கொடுத்துவிட்டார்கள். திருட்டுக் கொடுத்தவனைத் திருடனாக்க இந்த உலகத்தில் ஒரு நல்ல வக்கீல் இருந்தால் போதும். இணையத்தில் பழைய தேதியோடு கொக்கு இருக்கிறதே என்றால், "அந்தத் தேதியை யார் எப்போ வேணா மாத்திப் போடலாம்" என்றார் அந்த வக்கீல். அது உண்மைதான் என்பது இன்னும் பெரிய வயிற்றெரிச்சல். முதன்முதலில் அதை வைத்திருந்த காலேஜ் மெஷினோ பழைய இரும்புக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது.

ரூ-யின் கேட்டுக்கொண்டதன் பேரில், கொக்கை இலவசமாக வாங்கி ஓட்டியவர்களுக்கெல்லாம் பெங் எழுதிப் பார்த்தாள். பழைய பிரதி ஒன்று, தேதிக்கு அசைக்க முடியாத ஆதாரத்தோடு, யாரிடமாவது இருக்கிறதா? ஒருவர்கூட முன்வரவில்லை. பாதிப் பேர் இப்போது யுங்ஜியோடு வியாபாரம் செய்கிறவர்கள். மீதிப் பேர் கைகூப்பும் பொம்மைப் படம் அனுப்பினார்கள். "இத்தனை கும்பிடு வந்திருக்கு அக்கா, ஒண்ணாவது ஜாமீன் கொடுக்குமா?" என்று ஆ-ஹாவ் போனைத் தூக்கி எறிந்தான்.

யுங்ஜி ஒரு வழி சொன்னது. 'கொக்கு உங்களுடையதுதான்' என்று வென் கையெழுத்துப் போட்டால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அதை ஓட்டுகிற ஒவ்வொரு கோயிலும் பள்ளிக்கூடமும் அவர்களுக்குக் கப்பம் கட்ட வேண்டியிருக்கும். மாட்டேன் என்று வென் ஒற்றைக் காலில் நின்றார். நாளை மதியம் அரசு வக்கீல் முடிவெடுக்கிறார். கையில் ஏதாவது இல்லாவிட்டால் ஜெயில்தான்.

"ரூ-யின் ஒரு கோயிலைப் பத்திச் சொன்னாங்க" என்றாள் பெங். "இலான் பக்கம், கடற்கரையில. உங்க மச்சான் முதல்முதல்ல கொக்கை வெச்சது அங்கேதானாம்."

"என்கிட்டயும் சொன்னா. பாவம், எதையாவது பிடிச்சுக்க மாட்டமான்னு துடிக்குறா." போ-ஷெங் தேநீரை ஊற்றினார். "ஆனா உப்புக்காத்து பெங் அக்கா. அந்த மெஷின் எப்பவோ துருப்பிடிச்சுச் செத்திருக்கும். வீணா அலையாதீங்க. பேசாம வென்னைக் கையெழுத்துப் போடச் சொல்ற வழியைப் பாருங்க. அவன் வீட்டுக்கு வந்தாப் போதும் எனக்கு."

கண்ணில் தண்ணீர் தளும்பியது. நிஜமான தண்ணீர்தான். பெங் அதைக் கவனித்தாள்.

*

மலையைக் குடைந்த நீளச் சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் மழை. இலானில் மழை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆ-ஹாவ் வழியில் வாங்கிய வெங்காயத்தாள் ரொட்டியை ஒரு கையால் தின்றுகொண்டு மறு கையால் ஓட்டினான். எண்ணெய் ஸ்டியரிங் முழுக்க அப்பியிருந்தது.

கடல் தெய்வமான மாஸு அம்மனின் கோயில் துறைமுகத்தைப் பார்த்து நின்றது. கோயில் தலைவர் து ஜின்-ஃபா ரப்பர் செருப்போடு வெற்றிலைப்பாக்கை மென்றபடி வந்தார்.

"வென் தம்பியா! உள்ளே வெச்சிருக்காங்களா? அடப் பாவமே. அவரு போட்ட மெஷின்தான் இன்னைக்கும் ஓடுது. மண்டபத்துல பேர் எழுதி எரியுற அத்தனை விளக்கும் அதுலதான். அது ஓடுற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க பாக்கணும்னாலும் அம்மனைக் கேட்டுட்டுத்தான்."

இரண்டு பிறைக்கட்டைகளை ஆ-ஹாவ் கையில் கொடுத்தார். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். ஆ-ஹாவ் கண்ணை மூடி முணுமுணுத்துப் போட்டான். இரண்டும் நிமிர்ந்து விழுந்தன.

"சிரிக்கிறா" என்றார் து.

"என்னைப் பாத்தா?"

"வேற யாரைப் பாத்து? மறுபடி போடு."

மறுபடியும் சிரித்தாள் அம்மன். ஆ-ஹாவ் வாயோரம் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மாகூட இவ்ளோ சிரிச்சதில்ல" என்று மூன்றாவது தடவை போட்டான். சம்மதம் கிடைத்தது.

பின்கட்டில் ஊதுவத்திப் பெட்டிகளுக்கு நடுவே அந்த மெஷின் உட்கார்ந்திருந்தது. பழுத்துப்போன வெள்ளை நிறம். ஓடிக்கொண்டிருந்தது. ஆ-ஹாவ் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். பெங் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"அக்கா, கொக்கு பறந்துடுச்சு."

"என்னடா சொல்ற?"

"விளக்கு எரியுது. ஆனா எரிய வெக்கிறது வேற ஏதோ புதுசு. பழசைச் சுத்தமாத் துடைச்சுட்டுப் போயிருக்கான். ஒரு எழுத்து மிச்சமில்ல."

பெங் மணியைப் பார்த்தாள். நாளை மதியம். ரூ-யின்னிடம் போய் என்ன சொல்வது?

"தொடவே இல்லன்னீங்களே?" என்றாள் து பக்கம் திரும்பி. குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

து பதறிப்போய் மனைவியைக் கூப்பிட்டார். ஊதுவத்தி விற்கும் மேஜையிலிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை ஒருத்தர் வந்தாரே. நீங்க படகுக்குப் போயிருந்தீங்க. தொப்பி, முகக்கவசம். தைபேலேருந்து சர்வீஸ்னு சொன்னார். நல்ல மனுஷன். காசே வாங்கல."

"அம்மனைக் கேட்டாரா?"

"கேட்டாரே. முதல் தடவையே சம்மதம் விழுந்துச்சு."

"பாருங்க அக்கா, திருடனுக்கு உடனே! நமக்கு மட்டும் சிரிப்பு" என்றான் ஆ-ஹாவ் கசப்பாக. "யுங்ஜி அனுப்பின ஆளாத்தான் இருக்கும்."

பெங் மெஷினையே பார்த்தாள். மெஷினின் நெற்றியில் ஒரு பச்சைப் பாக்கெட் சாய்ந்திருந்தது. சுற்றிலும் ஊதுவத்திச் சாம்பல் ஒரு விரல் கனம் படிந்திருக்க, பாக்கெட் மட்டும் பளபளவென்று இருந்தது. அவள் குனிந்து தேதியைப் பார்த்தாள். போன மாதம் தயாரானது.

"யுங்ஜி அனுப்பின அடியாளா இருந்தா இந்தப் பாக்கெட்டை என்ன பண்ணியிருப்பான்?"

"பசிச்சாத் தின்னிருப்பான்."

"இவன் பழசை எடுத்துட்டுப் புதுசு வெச்சிருக்கான். அழிக்க வந்த இடத்துல. தேதி போன பாக்கெட்டோட ஒரு மெஷினை விட்டுட்டுப் போக மனசு வரல அவனுக்கு. இது கூலிக்காரன் வேலை இல்லடா. மெஷினைப் பெத்த புள்ளை மாதிரிப் பாத்தவன் வேலை."

ஆ-ஹாவ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாக்கெட்டைப் பார்த்தான். அதன் முதுகு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெங்கிடம் சேர்ந்த நாளிலிருந்து அவன் ஒரு ஜோக்கைத் தொண்டையிலேயே விழுங்கியது அன்றுதான்.

"போறப்போ ஒரு விளக்குகூட ஏத்தச் சொன்னாரு" என்றாள் அந்த அம்மாள். "அதுக்கு மட்டும் காசு கொடுத்தாரு."

மண்டபத்துச் சுவர் முழுக்க விரல் நுனி அளவு விளக்குகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். புதிதாக ஏற்றிய விளக்கை அவள் காட்டினாள். பெயர் வென் சிங்-தாங். நலமாக வீடு திரும்ப.

பெங்குக்கு ஓங்கி யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது.

"இப்படி ஆயிடுச்சேம்மா" என்று து கையைப் பிசைந்தார். "நல்லவேளை, பொண்ணுகிட்டயாவது ஒண்ணு இருக்கு."

"யார் பொண்ணு?"

"அம்மனோட பொண்ணுதான். தைதுங் பக்கத்துல மகள் கோயில் கட்டினப்போ, வழக்கம்போல இங்கேருந்து ஊதுவத்திச் சாம்பல் எடுத்துட்டுப் போனாங்க. சாம்பல் போனாத்தானே தாயோட சக்தி அங்கேயும் போகும்? அப்போ வென் தம்பி இந்த மெஷின்ல இருந்ததையும் அப்படியே நகல் எடுத்து, அங்கேயும் ஒரு மெஷின்ல போட்டுக் கொடுத்தாரு. எவ்வளவு தரணும்னு கேட்டதுக்குச் சிரிச்சாரு. 'சாம்பலுக்கு அம்மன் காசு வாங்குறாளா'ன்னாரு. திறப்பு விழா அன்னைக்குப் பூசாரி அந்தப் பெட்டி மேல சிவப்புச் சீட்டு ஒட்டி, தேதி போட்டு, கோயில் முத்திரை குத்தி மூடினாரு. பேப்பர்ல படம்கூட வந்துச்சு. யுங்ஜியாவது மண்ணாவது, வென் தம்பி அப்போ அந்தப் பக்கமே போனதில்ல."

பெங் நிமிர்ந்தாள். "இந்த மகள் கோயில் விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க ஆளுங்களுக்கெல்லாம் தெரியும். தைபேக்காரங்க யாரு கேக்கிறாங்க?"

"ஆ-ஹாவ், வென்னோட வக்கீலை ரயில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு. து ஐயாவையும் கூட்டிட்டு முதல் ரயிலைப் பிடி. நமக்கு முன்னாடி வேற எவனும் அந்தச் சீட்டைக் கிழிச்சிருக்கக் கூடாது."

"கிழிச்சிருந்தா?"

"அப்போ வென் கையெழுத்துப் போடுவான். போடலன்னா ஜெயில்."

*

மறுநாள் காலை அதே அறை, அதே பதாகை. பெங் போ-ஷெங்கின் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரூ-யின் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பெங் கைப்பையைத் திறந்து, கோயிலில் இருந்த பச்சைப் பாக்கெட்டை மேஜையில் சாய்த்து வைத்தாள். முதுகு போ-ஷெங் பக்கம்.

"இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

போ-ஷெங் அதைப் பார்த்தார். தேநீர்க் கோப்பை சாய்ந்து மேஜையில் கொட்டியது. துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"என்ன அக்கா இது?" என்றாள் ரூ-யின். "எனக்குப் புரியல."

"கோயில் மெஷினைத் துடைச்சுட்டு இதை வெச்சுட்டுப் போயிருக்காங்க. இப்படித் திருப்பி வெக்கிறவங்க ரெண்டே பேர்தான். ஒருத்தர் காவல்ல இருக்கார்."

ரூ-யின் அண்ணனைப் பார்த்தாள். அவர் இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தாள். பெங் இந்தத் தொழிலில் வெறுப்பது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

"உன்கிட்டதானே அண்ணா முதல்ல சொன்னேன்" என்றாள் ரூ-யின் மெல்ல. "கோயிலைப் பத்தி. இவங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடியே."

"அவன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்!" போ-ஷெங்கின் குரல் உடைந்தது. "ஆதாரம் இருக்குன்னு தெரிஞ்சா அவன் வருஷக்கணக்கா கோர்ட்ல நிப்பான். இல்லன்னா கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவான். அவ்வளவுதான்."

"யுங்ஜியில என்ன பதவி கொடுத்தாங்க?" என்று கேட்டாள் பெங்.

அவர் கொட்டிய தேநீரை இப்போதுதான் துடைக்க ஆரம்பித்தார். "ஆலோசகர்."

"ஓஹோ."

"சிரிக்காதீங்க! இருபது வருஷம்! ஊர் ஊராப் போய் இலவசமாச் சொல்லிக் கொடுத்தேன். அந்த யுங்ஜி முதலாளியே என் வகுப்புல முதல் பெஞ்சுல உக்காந்து கத்துக்கிட்டவன். அவனுக்கு இன்னைக்கு மாடி மாடியா கட்டடம். எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கைதட்டு. கைதட்டைக் கொண்டுபோய் வீட்டு வாடகைக்குக் கொடுக்க முடியுமா? எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க, ஒருத்தனும் திருப்பிக் கொடுக்கல. வென் மகானா இருப்பான். மகானுக்கு மச்சானா இருந்து பாருங்க, தெரியும்."

இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதுதான் பெங்குக்குக் கசந்தது. கைகூப்பும் பொம்மை அனுப்பிய அத்தனை பேரையும் இந்த அறையில் நிறுத்திக் கேட்க வைத்திருக்க வேண்டும்.

போ-ஷெங் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நான்தான். ஆனா என்ன பண்ண முடியும்? ஒரு சோளப்பொரிப் பாக்கெட்டை வெச்சு வென்னை வெளியே கொண்டுவர முடியாது. மெஷின்ல ஒண்ணுமே இல்ல. அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லு ரூ-யின். இன்னும் நேரம் இருக்கு."

பெங்கின் போன் அடித்தது. ஒலிபெருக்கியைத் தட்டி மேஜை நடுவில் வைத்தாள்.

"அக்கா!" ஆ-ஹாவின் குரலுக்குப் பின்னால் மேளச் சத்தம். "பொண்ணு வீட்டுல இருக்கோம். சீட்டு பத்திரம். கிழியல. நிறம்தான் வெளுத்திருக்கு. பெட்டி மேல ஒரு குவாய் குவாய் இருக்கு பாருங்க, செம கூத்து. தேதி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு! கைபடாத சாமி சரக்கு. மெஷின் இன்னும் ஒழுங்கா ஓடுது, அதான் எனக்கே பயமா இருக்கு. வக்கீல் முன்னாடி, பூசாரி முன்னாடி திறந்தோம். கொக்கு உள்ளே உக்காந்திருக்கு அக்கா. முதல் வரியிலேயே வென் பேரு."

ரூ-யின் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"வக்கீல் பக்கத்துலதான் இருக்கார்" என்றான் ஆ-ஹாவ். "மதியத்துக்குள்ள மனு போயாகணும். கோயில்ல ஆதாரத்தை அழிச்சது யாருன்னு கேக்கிறார். பேர் வேணுமாம்."

போ-ஷெங் எழுந்து நின்றார். மேஜையைச் சுற்றிக்கொண்டு தங்கையிடம் வந்தார்.

"ரூ-யின்... அதான் கிடைச்சுடுச்சே. வென் வந்துடுவான். இனிமே அது யாருன்னு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? மாநாடு, பசங்க, எல்லாரும் என்னைக் காறித் துப்புவாங்க. யாரோ ஒரு சர்வீஸ் ஆளுன்னு போட்டுடட்டும். என் பேரை மட்டும் எடுத்துடச் சொல்லுமா."

ரூ-யின் அண்ணனைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய துணியைப் பார்த்தாள். நான்கு வரிகளையும் மெதுவாக, உதடு அசையப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள்.

"இது என்ன கையெழுத்துன்னு தெரியுதா அண்ணா? என்னோடது. நீ சொல்லச் சொல்ல நான்தான் தூரிகையால எழுதினேன். 'எதை வேணா எடுத்துக்கலாம் ரூ-யின், எழுதினவன் பேரை மட்டும் எடுக்கக் கூடாது'ன்னு சொன்னே."

அவள் போன் பக்கம் குனிந்தாள்.

"எழுதிக்கங்க. ச்சியென் போ-ஷெங்."